வேறு வைத்த வீடு

"உற்றார் உறவினர், பங்காளிகள், தாய்பிள்ளைகள், நண்பர்கள் யாவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: நெடுங்காலமாக நிலவிவந்த ஓர் இணைப்பை, எவர் மீதும் வருத்தமின்றி, முழுத் தெளிவுடன் துண்டித்துக்கொள்வதென முடிவு செய்துள்ளேன். கொடுத்ததையும் பெற்றதையும் மாதந்தோறும் கழித்துப் பார்க்கும் உறவு இனித் தேவையில்லை. எதிர்ப்பக்கம் இருண்டால் நானும் இருள வேண்டும் என்ற இழிநிலை இன்றோடு ஒழிகிறது. இன்று நண்பகல் நல்ல வேளையில் பெர்மாஸ் ஜெயா இல்லம் முறைப்படி வேறு வைக்கப்படும். இனி என் வெளிச்சம் என்னுடையது. இங்ஙனம், தேனப்பன்."

இந்தப் பிரகடனம் ஒரு திங்கட்கிழமை காலை 'நம்ம வீட்டு விசேஷம்' என்ற வாட்ஸப் குழுவில் வெளியானது. நாடுகள்கூட இவ்வளவு நிதானமாகச் சுதந்திரம் அறிவித்ததில்லை. பிரகடனத்தில் எல்லாம் இருந்தது. 'மின்சாரம்' என்ற சொல் மட்டும் இல்லை.

முதலில் எழுதியதில் இருந்தது. தேனப்பன்தான் அடித்துவிட்டார். அந்தச் சொல் வந்தால் படிப்பவருக்கு பில் ஞாபகம் வருகிறது, நடை கெடுகிறது என்பது அவர் கருத்து. நடை காப்பாற்றப்பட்டது.

விஷயம் இதுதான். அவர் வீட்டுக் கூரையில் சோலார் பேனல்கள் இருந்தன. பகலில் அவை தரும் மின்சாரத்தில் வீடு ஓடும். மிச்சம் வெளியே போகும் லைனில் கலக்கும். இரவில் லைனிலிருந்து வாங்கிக்கொள்வார். மாதக் கடைசியில் இரண்டையும் கழிப்பார்கள். அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, வீட்டுக்குள் பேட்டரி வைத்து, லைனே வேண்டாம் என்று தனியாக நிற்கப்போகிறார். இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஒரு வரியில் சொல்லும் பழக்கம் அவர் பரம்பரையில் இல்லை.

தேனப்பன் வங்கியில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்றே 'துணை' என்ற சொல்லை விட்டுவிட்டார். பிறகு துணையும் அவரை விட்டுவிட்டுப் போனாள்.

போனாள் என்றால் சண்டை போட்டுக்கொண்டு அல்ல. மகள் சௌந்தர்யாவுக்குக் குழந்தை பிறந்ததும், ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று வேதநாயகி சிங்கப்பூரின் செம்பவாங்குக்குப் போனாள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. பேத்தி இப்போது நடக்கிறது. போனைப் பார்த்து "ஐயா" என்கிறது, பிறகு போனை நக்குகிறது.

செம்பவாங் வெளிநாடு. தேனப்பன் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவின் கடலோரத்தில் நின்றால் கண்ணுக்கெதிரே தெரிகிற வெளிநாடு. நடுவில் ஒரு துண்டுக் கடல். நல்ல குரல்வளம் உள்ளவர் கூப்பிட்டால் கேட்குமோ என்று தோன்றும். ஆனால் போவதற்குச் சுற்றிக்கொண்டு பாலத்துக்குப் போய், இரண்டு நாட்டுக் கவுண்டரிலும் நின்று, உலகத்திலுள்ள மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றின் புகையையும் சுவாசிக்க வேண்டும். ஆரம்பத்தில் வேதநாயகி சனிக்கிழமைதோறும் வந்தாள். பிறகு ஜாம் என்றாள். பிறகு ஜாம் என்று சொல்வதையும் விட்டுவிட்டாள்.

அவர் அங்கே போய் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். மருமகன் கேட்டான். "அந்தப் புறாக்கூண்டுக்குள்ள நமக்கெல்லாம் மூச்சு முட்டும்" என்று மருமகன் முகத்துக்கு நேரே சொன்னார். உண்மையில் இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். மருமகன் படித்தவன், ஒரு தடவை சொன்னாலே புரிந்துகொண்டுவிட்டான்.

அதனால் தினமும் சாயங்காலம் கடலோரம் வரை நடந்துவிட்டு வருவார். டாக்டர் நடக்கச் சொன்னதாகச் சொல்லுவார். எதிரே அடுக்குமாடிகளில் விளக்குகள் வரிசையாக ஏற ஆரம்பிக்கும் வரை டாக்டரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார். ஒருநாள் வேதநாயகி போனில், "நான் சமையக்கட்டு லைட்ட அணைச்சு அணைச்சுப் போடுறேன், தெரியுதா பாருங்க" என்றாள். ஆயிரம் விளக்குகளில் எது அணைந்தது, எது எரிந்தது என்று கடவுளுக்கே தெரியாது.

"தெரியுது தெரியுது" என்றார் தேனப்பன்.

இப்படியே போயிருக்கும். ஒரு நண்பகலில் லைன் போயிற்று.

நல்ல வெயில். தெருவில் எங்கோ கேபிளைத் தோண்டிவிட்டார்களாம். அந்த நேரத்தில் தேனப்பன் வேதநாயகியோடு வீடியோ காலில் இருந்தார். வழக்கமான பேச்சு. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன்; என்ன, நேத்து வச்சது; நேத்து என்ன, முந்தாநாள் வச்சது. பேச்சு தீர்ந்து, இரண்டு பேரும் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேதநாயகி ஏதோ நினைத்துக்கொண்டவளாக நிமிர்ந்தாள்.

"என்னங்க, நான் நெனச்சுக்கிட்டே இருந்தேன். அங்க சும்மாத்தானே கெடக்கு. அதனால நான் வந்து..."

திரை அப்படியே உறைந்தது. வாய் திறந்தபடி வேதநாயகி. பிறகு அதுவும் போயிற்று. மேலே ஃபேன் சோம்பலாகச் சுற்றி நின்றது.

தேனப்பன் வெளியே ஓடிவந்து கூரையைப் பார்த்தார். பேனல்கள் வெயிலில் தகதகவென்று இருந்தன. உள்ளே வந்து சுவிட்சைத் தட்டினார். எதுவும் எரியவில்லை. மறுபடி வெளியே வந்து பேனல்களைப் பார்த்தார், அவற்றுக்குத் தகவல் தெரியாதோ என்பது போல.

பக்கத்து வீட்டு ஜெயபாலன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்குக் கூரையில் ஓடு மட்டும்தான் உண்டு, ஆகவே பெரிய மனநிம்மதியுடன் இருப்பவர்.

"என்னா செட்டியாரே, உங்க வீட்டுலயும் இல்லையா?"

"ஏதோ ஃபியூஸ்" என்றார் தேனப்பன்.

"சூரியனுக்கே ஃபியூஸ் போயிருச்சா? அலமாக்! அப்ப மேல இருக்கறது என்னா, அப்பளம் காயப்போட்டதா?"

இரண்டு வருஷமாக ஜெயபாலனுக்கு வேலியோரமாகவே சூரிய சக்தி பற்றிச் சொற்பொழிவு நடத்தியவர் தேனப்பன். அதற்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு அப்பளம்.

மறுநாள் லியோனார்ட் வந்தான். தெப்ராவில் கடை வைத்திருப்பவன். பேனல் போட்டுக் கொடுத்தவனும் அவனே. ஏர்கான் சர்வீஸ் செய்துகொண்டிருந்த காலத்தில் அவன் கார்டில் வெறும் 'லியோனார்ட்' என்றிருந்தது. இப்போது 'எரிசக்தி விடுதலை ஆலோசகர்' என்று மூன்று மொழியில் இருக்கிறது. கறிபாப் சாப்பிடும்போதுகூட 'சிஸ்டம் டிசைன்' பற்றித்தான் பேசுவான்.

"அது அப்படித்தான் அங்கிள். உங்க மெஷினு வெளி லைனப் பாத்துக்கிட்டே இருக்கும். லைன் இருந்தாத்தான் இதுவும் வேல செய்யும். லைன் செத்துச்சுன்னா இதுவும் படுத்துரும். வெயிலு எவ்ளோ அடிச்சாலும் எழுந்திரிக்காது லா."

"ஏன் அப்படி?"

"ரூல் அங்கிள். கம்பத்துல ஏறி ரிப்பேர் பண்றவனுக்கு உங்க வீட்டு கரண்டு போயி அடிக்கக் கூடாதுல்ல?"

மேலே அத்தனை வெயில். கையில் எல்லா வசதியும். எதிர்ப்பக்கம் உயிர் இல்லை என்று ஒன்றும் செய்யாமல் படுத்துக்கிடக்கிற யந்திரம். தேனப்பன் அண்ணாந்து பார்த்தார். பேசாமல் இருப்பது அவருக்கு உடம்புக்கு ஆகாது என்பதால், "கேவலமான மெஷின்" என்றார்.

ஆனால் அவரை அரித்தது அப்பளம் அல்ல. 'நான் வந்து' என்பதுதான்.

லைன் திரும்பியவுடன் அவர் போன் செய்தார். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல, அப்பறம் பேசிக்கலாம்" என்று வேதநாயகி வைத்துவிட்டாள். அப்புறமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால், நான் அதுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆகிவிடும்.

ஆனால் தனக்குள் அந்த வாக்கியத்தைப் பூர்த்தி செய்து பார்த்துக்கொண்டே இருந்தார். அங்க சும்மாத்தானே கெடக்கு. எது? வீடு. அதனால நான் வந்து... வந்து என்ன? வந்து இருந்துர்றேன். வேறென்ன இருக்க முடியும்? இலக்கணம் அப்படித்தான் போகிறது. தமிழர்கள் எங்கும் கிளம்பாமல், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே நாளெல்லாம் 'நான் வந்து', 'அது வந்து' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. மேடையில் தமிழ் பேசிப் பழகியவர்களுக்கு வீட்டுத் தமிழ் மறந்துவிடும்.

இனி அவள் பேச்சு பாதியில் அறுபடக் கூடாது. அவள் வந்து இறங்கும்போது இந்த வீடு ஒரு நிமிஷம்கூட இருளக் கூடாது. இந்த இரண்டையும் அவர் லியோனார்டிடம் சொல்லவில்லை. "தற்சார்பு" என்று சொன்னார்.

லியோனார்டுக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது, புரியாவிட்டாலும். "பேட்டரி போடலாம் அங்கிள். ஆனா லைனும் பக்கத்துல இருக்கட்டும். டவுன்ல யாரும் முழுசா கட் பண்ண மாட்டாங்க. காட்டுக்குள்ள ரிசார்ட் கட்றவந்தான் அப்படிச் செய்வான்."

"துண்டிப்புன்னா துண்டிப்புதான்."

"ஓகே. எத்தன பேரு வீட்டுல?"

"ரெண்டு பேரு."

லியோனார்ட் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஜோடி செருப்பு. "ஆன்ட்டி சிங்கப்பூர்லல்ல இருக்காங்க?"

"இருந்தா? வீட்டுக்கு ரெண்டு பேருதானே?"

"இல்ல அங்கிள், ஒரு ஆளுக்குன்னா பாதி பேட்டரி போதும். அதான் சொல்றேன். மிச்சம் சும்மா கெடக்கும்."

"ரெண்டு பேருக்குப் போடு."

எதெல்லாம் ஓடும் என்று லியோனார்ட் கேட்க, தேனப்பன் சொல்லிக்கொண்டே போனார். உள் குளியலறை ஹீட்டர். அவளுக்குத் தலைக்குக் குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டும். பெரிய அறை ஏர்கான். அவளுக்கு அது இருபத்தாறில் இருக்க வேண்டும். பூஜை அறையில் சின்ன விளக்கு, அது எப்போதும். அப்புறம் கிரைண்டர்.

"மிக்ஸியா?"

"கிரைண்டர்."

மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையைத் திறந்து காட்டினார். உள்ளே துணி போர்த்திய, பழைய மாடல், சாய்த்து மாவெடுக்கும் பெரிய கிரைண்டர். கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கூட்டுக் குடும்பத்தில் வைத்திருந்துவிட்டு, புதுத் தம்பதியைத் தனி அடுப்போடு தனிக் குடித்தனம் வைப்பது அவர்கள் சாதி வழக்கம். 'வேறு வைப்பது' என்று அதற்குப் பெயர். தேனப்பனையும் வேதநாயகியையும் வேறு வைத்தபோது பெண்வீட்டார் கொடுத்த சாமான்களில் குடம் ஓட்டையாயிற்று, குத்துவிளக்கு மகளுக்குப் போயிற்று. இந்தக் கிரைண்டர்தான் மிச்சம்.

"அலமாக், இவ்ளோ பெருசா! இது ஸ்டார்ட் ஆகறப்ப மூணு மடங்கு இழுக்கும் அங்கிள். இதுக்காகவே இன்வெர்ட்டர் பெருசாப் போடணும்."

"போடு."

"யாரு அரைக்கப் போறா?"

தேனப்பன் போர்த்தியிருந்த துணியை இழுத்துச் சரி செய்தார்.

"சரி, பேட்டரி இந்த ரூம்லதான் நல்லா உக்காரும். இத எடுத்து வெளிய வெச்சிருவோமா?"

"பேட்டரிய வேற எடத்துல வை. அது அங்கேயே இருக்கட்டும்."

ஆகவே பேட்டரிகள் ஹாலில், வேதநாயகியின் தையல் மெஷின் இருந்த மூலைக்குப் பக்கத்தில், பீரோ உயரத்துக்கு நின்றன. கூரையில் ஒன்றன்பின் ஒன்றாக நீளமாகக் கோத்திருந்த பேனல்களை லியோனார்ட் இரண்டு சரமாகப் பிரித்துக் கோத்தான். புது இன்வெர்ட்டர் அத்தனை வோல்ட்டைத் தாங்காதாம். இது வெளி லைனைப் பார்க்காது. இதுவே ஒரு லைனாக இருக்கும். மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடிச் சுவிட்ச்: மேலே தள்ளினால் வெளி லைன், கீழே தள்ளினால் பேட்டரி. திங்கட்கிழமை நண்பகலில் தேனப்பன் அதைக் கீழே தள்ளி, சிவப்பு ரிப்பன் கட்டினார். சாட்சிகள்: லியோனார்ட், ஜெயபாலன், ஒரு தட்டு கேசரி.

"இப்ப கரண்டு போனா எரியுமா?" என்றார் ஜெயபாலன்.

"எரியும்."

"அடுத்த கரண்டு கட்டு எப்ப வரும்னு காத்துக்கிட்டிருக்கணும், இல்ல?" கேசரியை முடித்துக்கொண்டு ஜெயபாலன் போனார்.

பிரகடனத்துக்குக் குழுவில் ஏகப்பட்ட பதில் வரும் என்று தேனப்பன் எதிர்பார்த்தார். மத்தியானம் வரை ஒருவரும் ஒன்றும் போடவில்லை. ஒரே ஒருவர் கும்பிடும் கையைப் போட்டுவிட்டு அதையும் அழித்துவிட்டார். மூன்று மணிவாக்கில் மூவாரிலிருந்து பங்காளி தீபன் கூப்பிட்டான். மேசை நாற்காலி செய்து விற்கிறவன். பின்னால் மரம் அறுக்கும் சத்தம்.

"அண்ணே, நல்லாருக்கீங்களாண்ணே?" துக்க வீட்டுக் குரல்.

"நல்லாருக்கேன். படிச்சியா?"

"படிச்சேண்ணே. ரெண்டு தடவ படிச்சேன். ஏண்ணே இப்படி? இந்த வயசுல?"

"எந்த வயசுலயும் செய்யலாம் தீபா. துணிச்சல்தான் வேணும்."

"வேதாச்சி பாவம் இல்லியாண்ணே? கழிச்சுப் பாக்குற உறவுன்னு பொதுவுல போட்டுட்டீங்களே. ஆச்சி அங்க அழுதுக்கிட்டிருக்காம். பேத்திய வளக்கத்தானே போனாங்க? அதுக்குப் போயி வேறு வைக்கிறேன்னு..."

மரம் அறுக்கும் சத்தம் நின்றது. தேனப்பனுக்கும் ஏதோ நின்றது.

அவர் போனை வைத்துவிட்டுத் தன் பிரகடனத்தை மறுபடி படித்தார். முதல் தடவையாக, எழுதியவராக இல்லாமல் படித்தார். நெடுங்கால இணைப்பு. எதிர்ப்பக்கம் இருண்டால். வருத்தமின்றித் துண்டித்துக்கொள்வது. நடை பிரமாதமாகத்தான் இருந்தது. ஒரு வக்கீலிடம் காசு கொடுத்து எழுதச் சொன்னால்கூட மனைவியை இத்தனை கௌரவமாகத் தள்ளிவைக்க முடியாது.

உடனே தட்டச்சு செய்தார்: 'மின்சாரம்தான்.' அனுப்பும் பொத்தான் மேல் விரல் இருந்தபோது போன் அடித்தது. வேதநாயகி. வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"படிச்சேன்" என்றாள்.

"அது வந்து..."

"போன்ல வேணாம். சனிக்கிழம வர்றேன். நேர்ல பேசிக்கலாம்."

வைத்துவிட்டாள்.

திரையில் 'மின்சாரம்தான்' அப்படியே நின்றது. அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் விஷயம் முடிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அட இதுக்கா" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு, சனிக்கிழமை ஜாமாக இருக்கும் என்பாள்.

தேனப்பன் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். வாழ்க்கையில் அவர் சுருக்கமாக எழுதிய ஒரே வாக்கியம் அது. அதுவும் வெளியாகவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் நல்ல மனிதன் செய்யாததைச் செய்துகொண்டிருப்பதாக உணர்ந்தார், சந்தோஷமாகவும் இருந்தார். வீட்டைக் கழுவினார். அவள் தலையணைக்கு உறை மாற்றினார். ஏர்கான் போடவில்லை, ஹீட்டர் போடவில்லை, ஹாலில் ஒரே விளக்கோடு இருந்தார். எல்லாம் சனிக்கிழமைக்கு இருக்கட்டும் என்று. ஆனால் சேர்த்து வைக்கவும் முடியவில்லை. காலை பத்து பதினொன்றுக்கெல்லாம் பேட்டரி நிறைந்துவிடும். அதற்கப்புறம் வெயில் என்னதான் கொட்டினாலும் பேனல்கள் வாங்குவதில்லை.

"ரிப்பேரா?" என்று லியோனார்டுக்குப் போன் செய்தார்.

"ரிப்பேர் இல்ல அங்கிள். ஃபுல் ஆயிருச்சு. முன்னல்லாம் மிச்சம் வெளிய போயிரும், யாராச்சும் சோறாக்கிக்குவாங்க. இப்ப எங்க போகும்? நீங்கதான் செலவு பண்ணணும்."

"நான் எதைச் செலவு பண்றது?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே லா, ஒரு ஆளுக்குப் பாதி போதும்னு. மிச்சம் சும்மாத்தான் கெடக்கும்."

சாயங்காலம் கடலோரம் போனார். எதிரே விளக்குகள் ஏறின. எதுவும் அணைந்து அணைந்து எரியவில்லை. அவர் அதை நன்றாகப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சௌந்தர்யாவின் கார் வந்து நின்றது. குழந்தையை மருமகன் பார்த்துக்கொள்கிறானாம். வேதநாயகி இறங்கினாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், பஞ்சாயத்துக்கு வருகிறவர்கள் கட்டுகிற மாதிரி. தேனப்பனுக்கு முதலில் கண்ணில் பட்டது அவள் இளைத்திருப்பது. இரண்டாவது, கையில் பெட்டி இல்லாதது. வண்டிக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பச்சி, என்ன அப்பச்சி இதெல்லாம்?" என்று சௌந்தர்யா அப்பாவிடம் ஆரம்பித்தாள். வேதநாயகி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"சொல்லுங்க. எதைத் துண்டிக்கிறீங்க?"

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த சொற்பொழிவு எதுவும் வரவில்லை. தேனப்பன் அவளை மெயின் பெட்டிக்கு அழைத்துப் போய், ரிப்பன் கட்டிய கைப்பிடியைக் காட்டினார்.

வேதநாயகி ரிப்பனைப் பார்த்தாள். ஹாலில் பீரோ மாதிரி நிற்கிற பேட்டரிகளைப் பார்த்தாள். சௌந்தர்யாதான் முதலில் புரிந்துகொண்டு, சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"இதைத்தான் வேறு வச்சீங்களா?" என்றாள் வேதநாயகி.

"வீட்டத்தான்னு தெளிவாப் போட்டிருந்தேனே."

"தெளிவா! மூவார்லேருந்து தீபன் கூப்பிட்டு, ஆச்சி, நான் இருக்கேன்னு அழுவுறான். எங்க அண்ணன் ஈப்போலேருந்து கெளம்பி வர்றேங்குறாரு. அஞ்சு நாளா சோறு எறங்கல எனக்கு. கரண்டுன்னு ஒரு வார்த்த போட்டா கை அழுகியா போயிரும்?"

"நடை..."

"நடையாவது ஒண்ணாவது!"

திட்டினாள். அடுப்படியிலிருந்து திட்டினாள், குளித்துக்கொண்டே திட்டினாள். உள் குளியலறையில் ஹீட்டர் ஓடியது. காப்பிக்குக் கெட்டில் ஓடியது. வியர்க்கிறது என்று ஏர்கானைப் போட்டு, இருபத்தாறில் வைத்து, அதன் கீழ் உட்கார்ந்து திட்டினாள். தேனப்பன் பேட்டரித் திரையின் முன் நின்றிருந்தார். நூறு, தொண்ணூற்று ஏழு, தொண்ணூற்று நான்கு. எண் இறங்க இறங்க அவர் முகம் மலர்ந்தது. எண்ணிப் பார்த்தால் இந்த வீட்டில் வெகு காலத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று குறைந்துகொண்டிருந்தது.

"என்ன சிரிப்பு?" என்றாள் வேதநாயகி, ஈரத்தலையோடு.

"லோடு எடுக்குது" என்றார்.

அவள் கொஞ்சம் இளகியிருந்தாள். "இவ்வளவு பெருசு எதுக்கு? ஒத்த ஆளுக்கு?"

"ரெண்டு பேருக்குப் போட்டது."

இதுதான் அவர் சொன்ன காதல் வசனம். வேதநாயகி அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். 'இரு' என்று ஒரு சொல் சொல்ல வேண்டிய இடம் இதுதான். இரண்டே எழுத்து. தேனப்பனுக்கு அதற்கு முன்னுரை கிடைக்கவில்லை.

"கிரைண்டரையும் இழுக்கும்" என்றார். "ஸ்டார்ட்டிங்ல மூணு மடங்கு."

"நெசமாவா?" அவள் முகம் சட்டென்று பிரகாசமானது. மாடிப்படி அறைக்குப் போய்த் துணியை விலக்கினாள். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் ஒரு தரம் கண் சிமிட்டின. கல் அசைந்து, முனகி, உருளத் தொடங்கியது. அந்தச் சத்தம் வீடு முழுக்கப் பரவியது. விளக்குகள் நின்று எரிந்தன.

"நல்லாத்தான் ஓடுது" என்றாள். கல்லைப் பார்த்துக்கொண்டே அணைத்தாள்.

தேனப்பன் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு கரண்டு போனப்ப நீ ஏதோ சொல்ல வந்தே. பாதியில நின்னு போச்சு."

"என்னைக்கு?"

"அங்க சும்மாத்தானே கெடக்கு, நான் வந்து... அப்படின்னே."

வேதநாயகி யோசித்தாள். புடவைத் தலைப்பால் கிரைண்டரின் விளிம்பைத் துடைத்தாள். "ஆமாமா. இதைத்தான் சொல்ல வந்தேன். அங்க மிக்ஸியில அரைச்சா மாவு சூடாயிருது, இட்டிலி கல்லு மாதிரி வருது. குட்டி திங்க மாட்டேங்குது. இது இங்க சும்மாத்தானே கெடக்கு. அதனால நான் வந்து, இத அங்க கொண்டு போயிரலாமான்னு கேக்க நெனச்சேன். அதுக்குள்ள லைன் போச்சு."

வெளியே வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"அப்பச்சி, டிக்கியில குட்டியோட ஸ்ட்ரோலர் இருக்கு, சீட்லதான் வைக்கணும்" என்று சௌந்தர்யா வாசலிலிருந்து சொன்னாள்.

"கஸ்டம்ஸ்ல கேட்டா?" என்றார் தேனப்பன். குரல் சாதாரணமாக இருந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

"மாவாட்டுறதுன்னு சொல்லுவோம்." வேதநாயகி அவர் சட்டையின் காலரைச் சரி செய்தாள். அப்புறம் தாழ்ந்த குரலில், "நீங்களும்தான் வாங்களேன். நாலு நாளு இருந்துட்டு வரலாம். குட்டி தேடுது" என்றாள்.

மருமகன் கேட்காத அந்த இரண்டாவது தடவை இதுதான். தேனப்பன் அதற்காக எத்தனையோ நாள் காத்திருந்தவர். வாயைத் திறந்தார். பின்னால் ஜெயபாலன் வேலியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் பேட்டரிகள் நின்றுகொண்டிருந்தன.

"சிஸ்டத்த விட்டுட்டு எப்படி வர்றது?" என்றார். "யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும்ல?"

வேதநாயகி ஒரு நிமிஷம் நின்றாள். அவள் ஒரு தடவை சொன்னால் புரிந்துகொள்ளாதவள்தான், முப்பது வருஷமாக. ஆனால் சிங்கப்பூரில் கொஞ்ச காலமாக இருக்கிறாள்.

"சரி" என்றாள்.

கிரைண்டரை தேனப்பனும் ஜெயபாலனுமாகத் தூக்கினார்கள். ஜெயபாலன் ஒன்றும் கேலி பேசவில்லை, கல் அத்தனை கனம். காரின் பின்சீட்டில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. கிரைண்டர் உட்கார்ந்தது.